கூட்டாமல் கிடந்த வீடு

என் வீட்டுக்காரர் கடலில் இறங்கிய அன்று காலையில் நான் விளக்குமாற்றைக் கையில் எடுத்தேன். அவ்வளவுதான். உள்ளே கட்டிலில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்த என் மாமியார் செபஸ்தியம்மாள், "ஏ ஜெயா, வைடி அதக் கீழ!" என்று போட்ட சத்தத்தில் மாடி வீட்டு பக்ருன்னிசா எட்டிப் பார்த்தாள்.

சர்க்கரை வியாதி அத்தையின் கண்ணைத் தின்று முடித்துவிட்டது. வெளிச்சம் தெரியும், ஆள் அசைவது தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. காது மட்டும் அப்படியே இருக்கிறது. மூலையிலிருந்து விளக்குமாற்றை எடுக்கிற சத்தமே போதும்.

"அவன் இப்பத்தான் கெளம்பியிருப்பான். அதுக்குள்ள வீட்டக் கூட்டுவியா? பொணம் எடுத்த வீடாடி இது?"

எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். ஒருவர் ஊருக்குப் புறப்பட்டால் அவர் போய்ச் சேரும் வரைக்கும் வீட்டைக் கூட்டக் கூடாது, கழுவக் கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது. அதெல்லாம் சவம் எடுத்த பிறகு செய்கிற காரியம். வேதத்தில் சேர்ந்து எத்தனை தலைமுறை ஆனாலும் இது மட்டும் எங்களை விட்டுப் போகவில்லை. அவர் நேவியில் இருந்த பதினைந்து வருசமும் லீவு முடிந்து விசாகப்பட்டினத்துக்கு ரயில் ஏறினால், சேர்ந்துவிட்டேன் என்று போன் வருகிற வரைக்கும் குப்பை கிடந்த இடத்தில் கிடக்கும். ஒரு நாள், இரண்டு நாள். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடலாம்.

இது அந்தக் கணக்கில் வராது. என் வீட்டுக்காரர் ராயப்பராஜ் கொச்சியிலிருந்து ஒரு பாய்மரப் படகில் ஒற்றை ஆளாகக் கிளம்பியிருக்கிறார். தெற்கே போய் ஆப்பிரிக்காவின் முனையைத் தொட்டுவிட்டு, நடுவில் எங்கும் கரையேறாமல், கிளம்பிய கொச்சிக்கே திரும்ப வேண்டும். அரை வருசத்துக்கு மேல் ஆகுமாம். எதற்கு என்று கேட்காதீர்கள். நானும் கேட்டேன். "ஒரு சாதனைதான் மேரி" என்றார். அத்தைக்கு நான் ஜெயா, அவருக்கு மேரி.

"அத்தை, அவரு எங்க போய்ச் சேருறாரு, நீங்களே சொல்லுங்க. கெளம்புன எடத்துக்கே திரும்பி வாராரு. அம்புட்டு மாசமும் கூட்டாமக் கெடந்தா வீட்டுக்குள்ள கரையான் புத்து வச்சுரும்."

"வச்சா வச்சுட்டுப் போகட்டும். கையால பொறுக்கிப் போடு."

"தலைமுடி, தூசி, எல்லாத்தையுமா?"

"உனக்குத்தான் கண்ணு இருக்குல்ல."

இந்த அம்மாவோடு பேசி யார் ஜெயித்திருக்கிறார்கள்? கடைசியில் ஒரு பேரத்துக்கு வந்தோம். கரையை விட்டு ரொம்ப தூரம் போவதற்குள், செல்போனில் சிக்னல் இருக்கும்போதே கூப்பிடுவதாக அவர் சொல்லியிருந்தார். நல்லபடியாகக் கிளம்பிவிட்டேன் என்று அவர் வாயால் சொல்லட்டும், அதற்குப் பிறகு நான் கூட்டிக்கொள்ளலாம். அதுவரைக்கும் விளக்குமாற்றைத் தொடக் கூடாது. சரி என்றேன். அந்தப் போனுக்காக அத்தை மட்டுமா காத்திருந்தார்? அவரைவிட நூறு மடங்கு நான் காத்திருந்தேன்.

நான் நர்ஸ். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு நர்சிங் ஹோமில் வேலை. என்னோடு படித்தவர்களில் பாதிப்பேர் குவைத், துபாய் என்று போய்விட்டார்கள். நான் மட்டும் கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த இரண்டு ரூமுக்குள் அத்தையோடு கிடக்கிறேன். அவர் கப்பலில், நான் திண்டுக்கல்லில். பிள்ளையும் இல்லை. வருசத்துக்கு ஒரு மாதம் வந்து போகிற மனிதனிடம் பிள்ளையை மட்டும் எங்கே போய்க் கேட்பது? அப்போதெல்லாம் அவர் ஒன்று சொல்வார்: "பதினஞ்சு வருசம் முடியட்டும் மேரி. நான் வந்து அம்மாவப் பாத்துக்கிறேன். அப்புறம் நீ எங்க வேணும்னாலும் போ." நானாகக் கேட்டு வாங்கிய வாக்கு இல்லை. அத்தை காதுபடச் சோற்றில் கை வைத்துக்கொண்டு அவராகச் சொன்னது.

நேவியை விட்டு வந்தார். நானும் பாஸ்போர்ட் எடுத்தேன், இன்டர்வியூவுக்குப் போனேன், மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலையும் கிடைத்தது. அந்த நேரம் பார்த்துத்தான் கொச்சியில் யாரோ ஒரு கிளப்காரர்கள் படகைக் காட்டினார்கள். மனிதர் அதோடு போய்விட்டார்.

சரி போங்கள், போகிற மனிதன் உங்கள் அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள் என்றேன். அண்ணன் கன்னிவாடியில் இருக்கிறார். தோட்டம், கிணறு, மாடு கன்று எல்லாம் உண்டு. தம்பி வாய் திறந்து, "அம்மாவக் கொஞ்ச நாள் வச்சுக்கண்ணே" என்றால் மறுக்க மாட்டார். நான் போய்ச் சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுவார். ஆனால் அண்ணன் தம்பிக்குள் கிணற்றுத் தண்ணீர் விசயமாக ஒரு மனத்தாங்கல். அதனால் இவர் கௌரவம் பார்க்கிறார். ஆப்பிரிக்கா வரைக்கும் தனியாகப் போகிற வீரனுக்குக் கன்னிவாடி வரைக்கும் போகத் தைரியம் இல்லை. "கெளம்புற அன்னிக்குச் சொல்றேன் மேரி" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கொச்சிக்குப் போய்விட்டார். அவர் கடலில் இறங்கிய மறுநாள் மத்தியானத்துக்குள் நான் வருகிறேனா இல்லையா என்று ஏஜென்சிக்காரருக்குச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அடுத்தவளுக்குப் போய்விடும்.

'அண்ணன்கிட்டச் சொல்லிட்டேன், நீ போ.' இவ்வளவுதான் எனக்கு அந்தப் போனில் வேண்டியிருந்தது.

தெருமுனையில் டிஜிட்டல் பேனர் வைத்திருந்தார்கள். 'கடலை வெல்லப் புறப்பட்ட திண்டுக்கல் சிங்கமே!' என்று எழுதி, இவர் மீசையை முறுக்கிக்கொண்டு நிற்க, பின்னால் நாலு மாடிக் கப்பல் ஒன்று புகையைக் கக்கிக்கொண்டு வருகிறது. பாய்மரப் படகின் படம் கிடைக்கவில்லை போலிருக்கிறது. சிங்கத்துக்குக் கீழே வாழ்த்துவோர் வரிசை. அதில் மீசை இல்லாத ஆளே கிடையாது. கொடியசைத்து வழியனுப்பக் கொச்சிக்கு ஒரு வேன் நிறையப் போயிருந்தார்கள். கண் தெரியாத மனுசியை விட்டுவிட்டு நான் எப்படிப் போவது? பெண்டாட்டி பக்கத்தில் இல்லாமலே பெண்டாட்டி புகழ் பாட அவருக்கு அது பிறகு வசதியாகவும் போயிற்று.

மத்தியானம் வெஞ்சனத்துக்குக் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். காம்பு, தோல் எல்லாம் தரையில் விழுந்தபடி கிடந்தது. பக்ருன்னிசா படியில் தடதடவென்று இறங்கி வந்தாள்.

"அக்கா, டிவியப் போடுங்கக்கா! மச்சான் பேசுறாக!"

லோக்கல் சேனலில் அவருடைய போட்டோவை வைத்து, போனில் அவர் குரலைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு வர வேண்டிய போன் முதலில் கேபிள்காரனுக்குப் போயிருக்கிறது. பரவாயில்லை, உயிரோடு இருக்கிறார், குரல் நன்றாக இருக்கிறது என்று முதலில் சந்தோசம்தான் வந்தது. அத்தை கட்டிலை விட்டு எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து டிவியில் காதை வைத்துக்கொண்டார்.

"உங்க இந்தச் சாதனைக்குப் பின்னாடி யாரு சார் இருக்கா?" என்று கேட்டான் பேட்டி எடுக்கிறவன்.

"என் மனைவிதான் சார், வேற யாரு. அவங்களுக்கு மஸ்கட்ல நல்ல வேலை கெடச்சுச்சு. எனக்காக அத வேணாம்னு விட்டுட்டாங்க. 'நீங்க கடலுக்குப் போங்க, அத்தைய நான் பாத்துக்கிறேன்'னு அவங்களே சொல்லி அனுப்பி வச்சாங்க. இப்படி ஒரு மனைவி யாருக்கு சார் கெடைப்பாங்க?"

"கேட்டுக்கங்க நேயர்களே!" என்றான் அவன். யாரோ கைதட்டினார்கள். சேனல் ஆபீசில் இருந்தவர்களாக இருக்கும்.

"நான் எப்பய்யா சொன்னேன்?" என்று டிவியைப் பார்த்துக் கத்தினேன். டிவியில் அதற்குள் ஜவுளிக்கடை விளம்பரம் வந்துவிட்டது.

அத்தை என் பக்கம் திரும்பினார். "எப்ப சொன்ன நீ? எங்கிட்டச் சொல்லவே இல்லயே."

"நான் சொல்லவே இல்லத்தை."

"பின்ன எதுக்கு அப்படிச் சொல்றான்?"

"ஊருக்கு முன்னாடி சொல்லிப்புட்டா நான் வாயத் தெறக்க முடியாதுல்ல, அதுக்குத்தான்."

அத்தை சுவரைத் தடவிக் கட்டிலுக்குத் திரும்பினார். அப்புறம், "சரி விடு, ஒசத்தியாத்தான சொல்லியிருக்கான்" என்றார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். போகாதே என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன், அழுதிருப்பேன், சண்டை போட்டிருப்பேன். இது என்ன, என் வாய்க்குள் கையை விட்டு அவர் வார்த்தையை எடுத்து ஊருக்குக் காட்டுவது?

அதோடு விட்டதா? சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் எங்கள் சர்ச்சின் மரியாயின் சேனைப் பெண்கள் நாலைந்து பேர் ஒரு பொன்னாடையும் ஸ்வீட் பாக்கெட்டுமாக வந்து நின்றார்கள். கூட்டாத வீடு. கத்தரிக்காய்க் காம்பு ஒரு பக்கம், தலைமுடிச் சுருள் ஒரு பக்கம். காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் தாண்டித் தாண்டி வந்து உட்கார்ந்தார்கள். தலைவி என் தோளில் பொன்னாடையைப் போர்த்தினாள்.

"ஜெயமேரி, நாங்கல்லாம் டிவி பாத்தோம். கண்ணுல தண்ணி வந்துருச்சு. ஞாயித்துக்கெழம பூசையில ஃபாதர்கிட்டச் சொல்லி உன்னையப் பத்திப் பேசச் சொல்லப்போறோம். இந்தக் காலத்துல யாரு இப்படித் தியாகம் பண்ணுறா?"

"நான் பண்ணலக்கா" என்றேன்.

"பாத்தீங்களா, எம்புட்டு அடக்கம்!" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

பொன்னாடையை எடுத்துக் கட்டிலில் போட்டேன். மூலையில் இருந்த விளக்குமாற்றை எடுத்தேன். நடு வீட்டிலிருந்து வாசலைப் பார்த்துக் கூட்ட ஆரம்பித்தேன். அவர்கள் காலைத் தூக்கிக்கொண்டார்கள். விளக்குமாறு உரசுகிற சத்தம் கேட்டதும் அத்தை எழுந்து நின்றுவிட்டார்.

"ஜெயா! போன் வரலடி! அவன் இன்னும் எங்கிட்டப் பேசலடி!"

"ஊருகிட்டப் பேசியாச்சுல்லத்தை. போதும்."

கூட்டி முடித்துவிட்டுத் தண்ணீர்ப் பக்கம் போனேன். அந்த வருசம் திண்டுக்கல்லில் தண்ணீர் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். குழாயில் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை வரும், அதுவும் வந்தால் உண்டு. வரிசையாக வைத்திருந்த குடங்களைத் தூக்கி ஒவ்வொன்றாக நடு வீட்டில் கவிழ்த்தேன். சேனைப் பெண்கள் சேலையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள். ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள். பக்ருன்னிசா படியில் நின்றபடி, "யா அல்லா, அக்கா, தண்ணிக்கா! குடிக்கிற தண்ணிக்கா!" என்று அலறினாள். அவள் கவலை அவளுக்கு. கடைசிக் குடத்தைக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய் அப்படியே தலையில் ஊற்றிக்கொண்டேன்.

"எம்புள்ள உசுரோட இருக்கான்டி, பாவி!" அத்தை ஈரத் தரையில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். "அவனுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா உன்னையச் சும்மா விடமாட்டேன்."

"உசுரோடதான் இருப்பாரு. நல்லா இருப்பாரு" என்றேன். தலையிலிருந்து தண்ணீர் வழிய, நானும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதேன். அவர் செத்துப்போக வேண்டும் என்று நினைத்து நான் கழுவவில்லை, சத்தியமாக இல்லை. பதினைந்து வருசமாக எந்த மனிதன் வருவான் என்று காத்திருந்தேனோ, அந்த மனிதன் இன்றைக்குப் போய்விட்டான். அதற்குத்தான் கழுவினேன். இதை அத்தையிடம் எப்படிச் சொல்வது?

தரை காய்ந்து, வெயில் சாயும் நேரத்தில் போன் அடித்தது. அத்தை தடுமாறி எழுவதற்குள் நான் எடுத்துவிட்டேன்.

"மேரி! டிவி பாத்தியா?"

குரலில் அவ்வளவு சந்தோசம். பாத்திரம் தேய்த்துக் கொடுத்துவிட்டு நல்ல பிள்ளை என்று கேட்க நிற்கிறவர் மாதிரி.

"பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு? அழுதியா?"

"அண்ணன்கிட்டச் சொன்னீங்களா?"

அந்தப் பக்கம் தண்ணீர் படகில் மோதுகிற சத்தம் மட்டும் கேட்டது. "அதான் டிவியிலயே..." என்று இழுத்தார். "நீ போகலன்னு ஊருக்கே தெரிஞ்சு போச்சே மேரி. இனிமே எதுக்கு அண்ணன்கிட்டப் போய்க் கெஞ்சிக்கிட்டு?"

"நான் போறேங்க. நாளைக்கு ஏஜென்சிக்குச் சரின்னு சொல்லப்போறேன்."

"வெளையாடாத. அம்மாவ யாரு பாக்குறது?"

"இப்ப எங்க இருக்கீங்க?"

"எங்க இருப்பேன், காத்தே இல்ல. காலையில கெளம்புனது, பாய் அப்படியே தொங்குது. கரை இன்னும் தெரியுது."

"அப்ப திரும்பிருங்க" என்றேன். "கரை தெரியுதுல்ல. நாளைக்குக் காலையில கொச்சி, சாயங்காலம் திண்டுக்கல். நீங்கதான சொன்னீங்க, வந்து அம்மாவப் பாத்துக்கிறேன்னு? வாங்க. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். ஊரு சிரிச்சா நான் சேந்து சிரிக்க மாட்டேன். உங்க பக்கத்துல நிப்பேன். திரும்பி வாங்க."

அவர் திரும்பி வருவார் என்று அந்த ஒரு நிமிசம் நிஜமாகவே நம்பினேன். அத்தை என் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றிருந்தார்.

"எப்படி மேரி திரும்புறது?" என்றார் அவர், ரொம்பத் தணிந்த குரலில். "பேனரெல்லாம் வச்சிருக்காங்க."

"பேனரு பெருசா, அம்மா பெருசா?"

"அம்மாகிட்டக் குடு."

ரிசீவரை அத்தையின் காதில் வைத்தேன். அத்தை அவரைக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். நன்றாக இருக்கிறாயா, சாப்பிட்டாயா எதுவும் கேட்கவில்லை. "ராயப்பு, திரும்பி வாரியாடா?" என்றார். கேட்டுவிட்டுக் காத்திருந்தார். எனக்கும் கேட்கிற மாதிரி அந்தப் பக்கம் அவருக்கு மூச்சு வாங்கியது. பிறகு அத்தை, "அலோ, அலோ, ராயப்பு" என்றார். ரிசீவரை என்னிடம் நீட்டினார்.

லைன் போயிருந்தது. நான் திரும்ப அந்த நம்பருக்குப் போட்டேன். மலையாளத்தில் ஒருத்தி ஏதோ சொன்னாள். பிறகு அதையே இங்கிலீஷில் சொன்னாள். மறுபடியும் போட்டேன். மறுபடியும் அதையேதான் சொன்னாள்.

"என்னடி சொல்றா அவ? சிக்னல் இல்லயா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு தாய்க்கு அந்த ஒரு பொய்யைச் சொன்னால் குறைந்துபோய்விடாது. ஆனால் அன்றைக்கு வேறு ஒருவர் என் பெயரில் சொன்ன பொய்யே வயிறு முட்ட இருந்தது.

"சுவிட்ச் ஆஃப் பண்ணிட்டாருத்தை."

அத்தை தடவித் தடவிப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். கை பட்ட பொன்னாடையை எடுத்துத் தடவிப் பார்த்தார், அதன் ஜரிகையை விரலால் நெருடினார், மடித்து ஓரமாக வைத்தார். நான் பால் காய்ச்சி ஆற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக் குடித்தார்.

"உங்களக் கன்னிவாடியில கொண்டுபோய் விட்டுட்டுத்தான் போவேன் அத்தை. நானே போய் அவுக கால்ல விழுறேன்."

"வேணாம்."

"பின்ன?"

"பெரியவன் வாசல்ல போயி நிக்க மாட்டேன். நான் இங்கனயே இருந்துக்கிறேன்."

"கண்ணு தெரியாம ஒத்தையில எப்படி இருப்பீங்க? அடுப்பப் பத்த வைக்க முடியுமா, ஊசி போட்டுக்க முடியுமா? பைத்தியம் மாதிரிப் பேசாதீங்க."

"ஏன், எம்மவன் நடுக்கடல்ல ஒத்தையில இருக்கப் போறானாம், ஊரே கை தட்டுது" என்றார் அத்தை. "நான் இந்த ரெண்டு ரூம்புக்குள்ள ஒத்தையில இருக்கப் போறேன். எனக்கு எவடி கை தட்டுறா? நீ போ."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். கோபம் இல்லை. டம்ளரை நீட்டினார், வாங்கிக்கொண்டேன். மறுநாள் காலையில் ஏஜென்சிக்காரருக்குப் போன் போட்டு வருகிறேன் என்று சொன்னேன். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து கடைசி வார்த்தை வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார்.